க்ரேவன் படத்தில் ஸ்பைடர்மேன் எங்கேய்யா?

2024இல் சோனி வெளியிட்ட 'க்ரேவன் தி ஹன்டர்' படத்தில், ஸ்பைடர்மேனின் பழைய காமிக்ஸ் எதிரியான வேட்டைக்காரன் க்ரேவனின் அந்தச் சிங்கத்தோல் மேலங்கி எப்போது வருகிறது தெரியுமா? படம் முடியும்போது. 127 நிமிடம் ஓட்டிவிட்டு, எல்லாச் சண்டையும் ஓய்ந்து, அப்பனும் செத்து, தம்பியும் தடம் மாறிய பிறகு, அப்பா விட்டுப்போன பரிசு என்று ஒரு மேலங்கியை எடுத்து மாட்டுகிறான். உடனே பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. 1964 ஆகஸ்ட் தேதியிட்ட 'தி அமேசிங் ஸ்பைடர்மேன்' 15ஆவது இதழில் ஸ்டீவ் டிட்கோ வரைந்தபோதே அவன் உடம்பில் இருந்த உடுப்பு அது. அந்தச் சிங்க முகத்தையும் பிடரியையும் வைத்துத்தான் க்ரேவனை எந்தப் பக்கத்திலும் அடையாளம் காண்போம். அதை மாட்டுவதற்கு அறுபது வருஷம் கழித்து ஒரு முழுப் படம் தேவைப்பட்டிருக்கிறது. இனிமேல்தான் க்ரேவன் என்றால், இவ்வளவு நேரம் காசு கொடுத்துப் பார்த்தது யாரை?

சூப்பர்ஹீரோ படக்காரர்களைப் பிடித்திருக்கும் இந்த 'உருவான கதை' வியாதி எப்போதய்யா தீரும்? ஸ்டான் லீயும் டிட்கோவும் இதற்குச் செலவழித்தது சில கட்டங்கள்தான். க்ரேவன் நியூயார்க்கில் கப்பலை விட்டு இறங்குகிறான். தப்பி ஓடும் விலங்குகளை வெறுங்கையால் அடக்குகிறான். இவன் யார், எவ்வளவு பலசாலி, எவ்வளவு திமிர் பிடித்தவன் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஏன் வந்தான்? கேமீலியன் என்ற இன்னொரு வில்லன் அழைத்தான். எல்லா மிருகத்தையும் வேட்டையாடிச் சலித்துப்போனவனுக்கு ஒரு புது இரை வேண்டும். அந்த இரை ஸ்பைடர்மேன். உடம்பில் அந்த வலு எப்படி வந்தது? காட்டு மூலிகைச் சாறு. அவ்வளவுதான் விளக்கம். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

படத்தில் என்ன செய்திருக்கிறார்கள்? அந்த ரத்தத்துளிக் காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2023இல் முன்னோட்டம் வந்தபோதே தலையில் கை வைத்தோம். ஆனாலும் அதை ஒவ்வொரு அடியாகப் பிரித்துப் பேசாமல் விட முடியாது. ஏனென்றால் மொத்தப் படத்தின் கோளாறும் அந்த ஒரு சொட்டில்தான் இருக்கிறது.

முதல் அடி. அப்பா நிகோலாய், அதாவது ரஸ்ஸல் க்ரோ, இரண்டு பையன்களையும் கானாவுக்கு வேட்டைக்குக் கூட்டிப்போகிறார். இரண்டாவது, பெரிய பையன் செர்ஜியைச் சிங்கம் கடித்துக் குதறுகிறது. மூன்றாவது, அந்தச் சிங்கத்தின் உடம்பிலும் குண்டுக்காயம் இருக்கிறது. நான்காவது, அந்தக் காயத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம், பையனுடைய காயத்தின் வாயிலேயே குறி பார்த்து விழுகிறது. இதோடு விட்டார்களா? இல்லை. ஐந்தாவதாக, அதே காட்டுக்கு அதே நாளில் கலிப்ஸோ என்ற சிறுமி சுற்றுலா வருகிறாள். ஆறாவது, அவள் பாட்டி கொடுத்த மந்திர மருந்து அவளிடம் தயாராக இருக்கிறது. ஏழாவது, முன்பின் தெரியாத, செத்துக்கொண்டிருக்கிற பையன் வாயில் அதை ஊற்றுகிறாள். எட்டாவது, பையன் பிழைத்துக் கண் விழித்தால் சிங்கப் பார்வை, சிறுத்தை ஓட்டம், சுவரில் ஏறும் வித்தை எல்லாம் வந்துவிட்டது.

இதில் எந்தச் சக்தி ரத்தத்தால் வந்தது, எது மருந்தால் வந்தது? மருந்து போதுமென்றால் சிங்கத்தின் ரத்தம் எதற்கு? ரத்தம் போதுமென்றால் பாட்டி எதற்கு? ஒரு தற்செயலை நம்பச் சொன்னால் நம்பலாம். காமிக்ஸ் படிக்கிறவன் அதற்குப் பழகியவன்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டும் ஒரே சமயத்தில் ஒரே உடம்பில் நடந்தது என்றால், திரைக்கதை எழுதியவர்களுக்கே தங்கள் காரணத்தில் நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம்.

மருந்து காமிக்ஸில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாகச் சேர்த்தது சிங்கக்கடியும் ரத்தமும்தான். எங்கிருந்து எடுத்தார்கள்? பீட்டர் பார்க்கரிடமிருந்து, அதாவது ஸ்பைடர்மேனிடமிருந்து! சிலந்தி கடித்து அவனுக்குச் சிலந்தியின் சக்தி, சிங்கம் கடித்து இவனுக்குச் சிங்கத்தின் சக்தி. ஸ்பைடர்மேனைப் படத்தில் சேர்க்க மாட்டார்களாம், ஆனால் அவனுடைய பிறப்புக் கதையை மட்டும் திருடிக்கொள்வார்களாம். இந்தத் திருட்டு பாத்திரத்தின் அடித்தளத்தையே உடைக்கிறது. பீட்டர் சக்தியைக் கேட்கவில்லை, அது விபத்து. அந்த விபத்தோடு எப்படி வாழ்வது என்பதுதான் அவனுடைய போராட்டம். க்ரேவன் அதற்கு நேர் எதிர். மூலிகையைத் தேடிப்போய், தெரிந்தே குடித்து, வருஷக்கணக்காக உடம்பை வதைத்துப் பழக்கி, தன் விருப்பத்தால் தன்னை அப்படிச் செய்துகொண்டவன். அதனால்தான் ஒரு சின்னப் பையன் தற்செயலாகக் கிடைத்த சக்தியை வைத்துக்கொண்டு தன்னைத் தோற்கடிப்பதை அவனால் தாங்க முடிவதில்லை. அந்த அவமானம்தான் க்ரேவன். இரண்டு பேரையும் விபத்தாக்கிவிட்டால் அவமானமும் போச்சு, க்ரேவனும் போச்சு.

1987இல் வந்த 'க்ரேவன்ஸ் லாஸ்ட் ஹன்ட்' காமிக்ஸ் கதை நிற்பதே இந்த அவமானத்தின் மேல்தான். எழுத்து ஜே. எம். டிமாட்டிஸ், பென்சில் படம் மைக் ஸெக், அதன்மேல் மை தீட்டியவர் பாப் மக்லியோட். ஆறே இதழ்கள். ஒரே தலைப்பில்கூட வரவில்லை. 'வெப் ஆஃப் ஸ்பைடர்மேன்' 31, 'அமேசிங்' 293, 'ஸ்பெக்டாகுலர்' 131, மறுபடி 'வெப்' 32, 'அமேசிங்' 294, 'ஸ்பெக்டாகுலர்' 132 என்று மாதம் ஒருமுறை வரும் மூன்று பத்திரிகைகளில் சுற்றி இரண்டே மாதத்தில் முடித்தார்கள். அந்த இரண்டு மாதமும் ஸ்பைடர்மேன் ரசிகனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

என்ன நடக்கிறது அதில்? க்ரேவன் ஸ்பைடர்மேனை வலையில் சிக்கவைத்து மயக்க மருந்துக் குண்டால் சுடுகிறான். சவப்பெட்டியில் வைத்து மண்ணைப் போட்டு மூடுகிறான். பிறகு அவனுடைய கறுப்பு உடையையே மாட்டிக்கொண்டு நகரத்தில் இறங்குகிறான். அவனைப் புதைத்தது போதாது, அவனாகவே இருந்து அவனைவிடச் சிறந்தவன் என்று நிரூபிக்க வேண்டும். அப்போதுதான் ஸ்பைடர்மேனைக் கல்யாணம் செய்திருந்த மேரி ஜேன், அந்த உடைக்குள் இருப்பது தன் புருஷன் இல்லை என்று உணரும் இடம் இருக்கிறதே, முதுகு சில்லிடும். முன்பு கேப்டன் அமெரிக்காவின் துணையோடு ஸ்பைடர்மேன் அடக்கிய வெர்மின் என்ற எலி மனிதனை க்ரேவன் தனியாளாகக் கைகளாலேயே அடித்துப் பிடிக்கிறான். இரண்டு வாரம் கழித்து மண்ணைக் கிழித்துக்கொண்டு பீட்டர் எழுந்து வருகிறான். அவன் வந்து அடிக்கும்போது க்ரேவன் திருப்பி அடிப்பதில்லை. அவன் கணக்கில் அவன் ஜெயித்துவிட்டான். அதற்குமேல் வாழ ஒன்றும் மிச்சமில்லை என்று தன் கதையைத் தானே முடித்துக்கொள்கிறான்.

இந்தக் கதையின் கரு பல வருஷம் கதவு கதவாக அலைந்தது. டிமாட்டிஸ் முதலில் மார்வெலின் வொண்டர் மேனை வைத்துச் சொன்னார், பிறகு பேட்மேன், ஜோக்கர் என்று போட்டிக் கம்பெனியான டிசியிலும் சொல்லிப் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் மார்வெலின் பாத்திரக் கையேட்டைப் புரட்டும்போது க்ரேவன் ரஷ்யன் என்பது கண்ணில் பட்டது. தஸ்தயெவ்ஸ்கியை விரும்பிப் படித்தவர் அவர். அந்த ஒரு பொறியில்தான் க்ரேவன் அவருக்கு முழு மனிதனாகத் தெரிந்தான். நாடிழந்த பிரபுக் குடும்பம், மனநிலை சிதைந்த அம்மா, மானம் என்ற ஒன்றைத் தவிர கையில் எதுவும் இல்லாத மகன். படத்திலும் ரஷ்யா வருகிறது. எப்படி? எல்லோரும் ஆங்கிலத்தை அழுத்திப் பேசுகிறார்கள். அவ்வளவுதான் ரஷ்யா.

இவ்வளவு பெரிய புதையலை வைத்துக்கொண்டு சோனி எடுத்தது என்ன? காட்டு விலங்குகளைக் காப்பாற்றுகிற, திருட்டு வேட்டைக்காரர்களைக் கொல்கிற, பட்டியல் போட்டுக் கெட்டவர்களை மட்டும் தீர்த்துக்கட்டுகிற ஒரு நல்ல பையன். மிருகத்தை வேட்டையாடாத க்ரேவன்! ராவணனை நாயகனாக வைத்துத் தாராளமாகக் கதை சொல்லலாம். ஆனால் அவன் சீதையைத் தூக்கவே இல்லை, ராமன் என்று ஒருவன் பிறக்கவே இல்லை, இவன் இலங்கையில் மரம் நட்டுக்கொண்டிருந்தான் என்று சொன்னால் எதற்கய்யா அவனுக்குப் பத்துத் தலை?

வில்லனை வைத்துப் படம் எடுப்பதில் தப்பே இல்லை. பேட்மேனின் வில்லனை வைத்து இதே 2024இல் வந்த 'தி பென்குயின்' தொடரில் பேட்மேன் தலையைக்கூடக் காட்டவில்லை, எட்டு அத்தியாயமும் நின்றது. காரணம், அந்தப் பென்குயின் ஆஸ்வால்டைக் கடைசிவரை கெட்டவனாகவே விட்டார்கள். அதோடு அவனுடைய வெறி காத்தம் நகரத்தின் மேல். பேட்மேன் இல்லாமலும் நகரம் இருக்கும். க்ரேவனுடைய வெறி ஒரே ஒரு ஆளின் மேல். அந்த ஆளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மேல்சட்டை போடாத ஒரு பயில்வான்தான். நம்மூரில் லயன் காமிக்ஸ் படித்தவர்களுக்கு இதெல்லாம் சின்ன வயசுப் பாடம். பிரிட்டனிலிருந்து வந்த அந்த ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு ஆள்), குற்ற உலகுக்கே சக்கரவர்த்தி ஆவேன் என்று கொக்கரித்துக்கொண்டுதான் அறிமுகமானான். ஆர்டினியையும் பெல்ஹாமையும் கூட வைத்துக்கொண்டு கொள்ளையடித்தான். நாம் ரசிக்கவில்லையா? அவன் அம்மா பாசத்தைக் காட்டியா நம்மைக் கவர்ந்தான்?

இன்னொரு அநியாயம், அந்தச் சிலந்திகள். மயக்க மருந்து ஏறி, க்ரேவனுக்குச் சிலந்தி சிலந்தியாகப் பிரமை தெரிகிறது. ஸ்பைடர்மேனைத்தான் தர மாட்டீர்கள், நிழலைக் காட்டி எதற்குச் சீண்டுகிறீர்கள்? 'லாஸ்ட் ஹன்ட்'டில் சிலந்தி என்பது க்ரேவன் மனசுக்குள் வளர்ந்த பயம். அவன் குடும்பத்தையும் நாட்டையும் விழுங்கிய எல்லாவற்றுக்கும் அவன் கொடுத்த உருவம். இங்கே அது கம்ப்யூட்டரில் செய்த பூச்சி, படித்தவன் கைதட்டுவான் என்று தூவிய பூச்சி. படித்தவனுக்குத்தான் அதிகம் எரிகிறது.

படத்தில் வரும் இன்னொரு வில்லன் ரைனோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ரத்த அழுத்தம் ஏறுகிறது. 1966இல் அறிமுகமான ரைனோவுக்குச் சோதனைக்கூடத்தில் உடம்போடு ஒட்டிப்போன தோல் கவசம். கழற்ற முடியாது என்பதுதான் அவன் துயரம். படத்தில் முதுகுப்பையிலிருந்து ஒரு குழாய். குழாயைப் பிடுங்கினால் தோல் தடிக்கும், செருகினால் சாதாரண ஆள். துயரத்தையே குழாய் போட்டு வடித்துவிட்டார்கள். கலிப்ஸோ காமிக்ஸில் க்ரேவனையே ஆட்டிவைக்கும் மந்திரக்காரி, இங்கே வழக்கறிஞர். ஃபாரினர் என்ற கூலிக் கொலைகாரன் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினால் எதிரே இருப்பவர் உறைந்துபோகிறார். ஏன், எப்படி என்று ஒரு வரி கிடையாது. மைல்ஸ் வாரன் பெயரைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஸ்பைடர்மேனின் பெரிய வில்லன் ஜாக்கலய்யா அவன்! அவனுக்கு அரை வசனமா?

வெளியீட்டுத் தேதியைப் பாருங்கள். 2023 ஜனவரி என்றார்கள், பிறகு அக்டோபர், பிறகு 2024 ஆகஸ்ட், கடைசியில் டிசம்பர் 13. 'மோர்பியஸ்', 'மேடம் வெப்' என்று சோனியின் இதே வகைப் படங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே இதையும் அதே அச்சில் வார்த்தார்கள். சுமார் 11 கோடி டாலர் செலவழித்த படம், வட அமெரிக்காவில் முதல் வார இறுதியில் எடுத்தது சுமார் 1.1 கோடி. அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? சோனி பிக்சர்ஸ் தலைவராக இருந்த டோனி வின்சிக்வெரா, படம் ஒன்றும் மோசமில்லை, ஏன் ஓடவில்லை என்றே புரியவில்லை என்கிற மாதிரி பேட்டி கொடுக்கிறார். புரியவில்லையா? பெட்டிக்கடையில் 'லாஸ்ட் ஹன்ட்'டின் ஆறு இதழையும் எடை போட்டுக் கொடுத்தால்கூடப் படித்துவிட்டுப் பத்து வயசுப் பையன் சொல்வானே! க்ரேவனை வைத்துக்கொண்டு வேட்டையைத் தூக்கிப் போட்டீர்கள், வேட்டை இல்லாததால் இரையைத் தூக்கிப் போட்டீர்கள், அப்புறம் பார்க்கிறவன் வரவில்லை என்கிறீர்கள்.

ஆரன் டெய்லர்-ஜான்சன் உடம்பை எவ்வளவு வருத்தி ஏற்றியிருக்கிறார் என்பது திரையில் தெரிகிறது. சிறையில் அந்தக் கம்பளத்திலிருந்து வாள்பல் புலியின் பல்லைப் பிடுங்கி ஒருவனைக் குத்துகிறாரே, அந்த ஆரம்பக் காட்சியில் ஒரு நொடி க்ரேவன் தெரிந்தான். ஈவு இரக்கமில்லாத, வேட்டையை ரசிக்கிற க்ரேவன். அதைப் பார்த்துத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அடுத்த காட்சியில் 'பல வருடங்களுக்கு முன்பு' என்று பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

அட, இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த இடைவேளைக்காரர்களை என்ன செய்வது? ஹாலிவுட் படத்தில் பொதுவாக இடைவேளை என்று ஒன்று கிடையாது. எடுத்தவர்கள் அதற்கு இடம் விட்டுவைப்பதும் இல்லை. நம் தியேட்டரில் நிமிடத்தைப் பாதியாகப் பிரித்து, அங்கே யார் என்ன பேசிக்கொண்டிருந்தாலும் டக்கென்று வெட்டி விளக்கைப் போடுகிறார்கள். வாயைத் திறந்தவன் திறந்தபடி நிற்கிறான். திரும்பப் போடும்போது கால் மணி நேரம் விளம்பரம், பிறகு வசனத்தின் பின்பாதி. முன்பாதி யாருக்கு ஞாபகம் இருக்கும்? நல்ல படத்துக்கும் இதையேதான் செய்கிறார்கள். ஒரு நிமிடம் தள்ளி, காட்சி மாறும் இடத்தில் நிறுத்தினால் பாப்கார்ன் என்ன ஆறியா போய்விடும்?