பொழப்புக்காக மொழி கத்துக்கிட்டா கேவலமா?

அந்த வீடியோ பத்திதான். லிங்க் போடல, நேத்துலருந்து எல்லாரும் பாத்திருப்பீங்க. வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்குப் போற நம்ம பசங்களுக்கு மொழி மேல ஆசையே கெடையாதாம், பிஆர், அதான் அங்கயே நிரந்தரமா தங்குற உரிமை, அத வாங்கத்தான் படிக்கிறாங்களாம்னு அதுல ஒருத்தர் பேசியிருக்காரு. கேட்டதுலருந்து மனசே ஆறல.

சரி, பொழப்புக்குத்தான் படிக்கிறான். அதுல இன்னா தப்பு?

எங்க அக்கா பையன் வியாசர்பாடில பொறந்து வளந்தவன், ஜெர்மனில எம்.எஸ். படிக்கிறான். விசாவுக்கு பிளாக்ட் அக்கவுண்ட்ல, அதான் அங்க ஒரு வருஷ செலவுக்கு முன்கூட்டியே போட்டு வெக்கிற பேங்க் கணக்குல, 11,904 யூரோ காட்டணும், அக்கா கம்மல் வரைக்கும் அடகுல இருக்கு. கிளாஸ் முழுக்க இங்கிலீஷ்தான், ஆனா ஜெர்மன் தெரியலன்னா பார்ட் டைம் வேலை கெடைக்கிறது கஷ்டம். வீடியோ கால்ல பாத்தேன், அடுப்புக்கு மேல செவுரு பூரா சீட்டு ஒட்டி வெச்சிருக்கான், ஜெர்மன்ல ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னாடி வர்ற ‘டெர்’ (der) நீலத்துல, ‘டீ’ (die) செவப்புல, ‘டாஸ்’ (das) பச்சைல, பேக்கரில நைட் ஷிப்ட் முடிச்சுட்டு வந்து தோசை ஊத்திக்கிட்டே அத வாய்விட்டு படிக்கிறான். இது ஆசையில கணக்கு வராதா?

“படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் வேலை பாத்து பி1 ஜெர்மன், அதான் நடுத்தர லெவல், காட்டினா பிஆர், அதுக்குத்தானே”ன்னு கமெண்ட்ல வருவீங்க. ஆமா, அதுக்கும்தான். அப்ப ஸ்பானிஷ் எதுக்கு? லேப்ல கூட இருக்கிற கொலம்பியா பையனோட அவன் பாஷைலயே பேசணும்னு யூனிவர்சிட்டி லேங்குவேஜ் சென்டர்ல சாயங்கால கிளாஸ் போறானே, ஸ்பானிஷுக்கு ஜெர்மனில யாரு பிஆர் குடுக்குறா?

எங்கப்பா சவுக்கார்பேட்டைல மூட்டை தூக்கினவரு. கூலி பேசத்தான் இந்தி கத்துக்கிட்டாரு, லாரிக்காரங்களால தெலுங்கு. அப்புறம் முதலாளி வீட்டுப் பாட்டி சொன்ன மார்வாடிக் கதையெல்லாம் ராத்திரி எங்களுக்கு சொல்லுவாரு. அத யாரு கூலி குடுத்து கேட்டா?

கனடாவுல கார்ட்னர், லாம்பர்ட்னு ரெண்டு பேரு 1959லயே இத ஆராய்ச்சி பண்ணாங்க, அந்த மொழி பேசுற ஜனங்களோட கலந்து பழக ஆசைப்பட்டவங்கதான் மொழிய நல்லா கத்துக்கிட்டாங்கன்னு எழுதினாங்க, தெரியும். ஆனா அது மாண்ட்ரியல்ல பிரெஞ்ச் படிச்ச, இங்கிலீஷ் பேசுற ஸ்கூல் பசங்கள வெச்சுப் பாத்தது. கடன் வாங்கி போனவனுக்கு பொழப்பு வேற ஆசை வேறன்னு பிரிக்க முடியாதுங்க.

இதெல்லாம் கூட விட்ருவேன். வீடியோ போட்டவரே, நடுவுல “தமிழே ஒழுங்கா பேச வராத ஏரியா பசங்க”ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சீங்களே, அத எங்க அக்காவும் பாத்தா. நாங்க பேசுறதும் தமிழ்தான். அந்தத் தமிழ்ல வளந்தவன்தான் இப்ப நாலாவது பாஷை படிக்கிறான். அந்த சிரிப்புக்கு முதல்ல மன்னிப்பு கேளுங்க, பிஆர் பத்தி அப்புறம் பேசிக்கலாம்.