பத்திரம் மாமியார் பெயரில் இருந்தாலும்

"வீட்டுப் பத்திரம் மாமியார் பெயரில் இருந்தால் மருமகள் அங்கே குடியிருக்கக் கோரவே முடியாது" என்று பலர் சொல்வது, இன்று செல்லாத பழைய சட்ட நிலை. அப்படிச் சொல்பவர்களை முழுதாகக் குறை சொல்ல முடியாது. 2006 டிசம்பரில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏறத்தாழ அப்படித்தான் கூறியது. ஆனால், 2020 அக்டோபர் 15 அன்று அகுஜா வழக்கில் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த விளக்கம் தவறு என்று தீர்ப்பளித்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் (2005) 17ஆம் பிரிவு, சொத்தில் உரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், குடும்ப உறவில் உள்ள பெண் பகிர்ந்து வாழும் வீட்டில் குடியிருக்கலாம் என்கிறது. ஆகவே, மருமகள் வெளியே போன நேரத்தில் பூட்டை மாற்றிவிட்டு, துணிப்பெட்டியை வாசலில் வைப்பது சட்டவிரோதம்.

இது வீட்டின் மீதான உடைமை உரிமை அன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயதான மாமனார், மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் எடைபோடும். தேவைப்பட்டால், இதே சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தரவோ வாடகை செலுத்தவோ கணவருக்கு நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். சில நாள் மட்டும் விருந்தினராகத் தங்கிய உறவினர் வீட்டுக்கு இந்த உரிமை பொருந்தாது.