வயிற்றைத் திறந்து காட்டிய வெள்ளி

பாங்காக்கின் சீனர் தெருவான யாவராத்தில் முதன்முதலாக ஒரு நகைக்கடைக்குள் நுழைந்தபோது, கடைக்காரப் பெண்மணி கேட்ட கேள்வி இன்றும் நினைவில் இருக்கிறது. "எத்தனை பாட்?" மனைவிக்கு மெல்லிய சங்கிலி ஒன்று வாங்க வந்திருந்தேன். பாட் என்பது தாய்லாந்துப் பணத்தின் பெயர். எவ்வளவு பணம் வைத்திருக்கிறேன் என்று கேட்கிறார் என நினைத்துத் தொகையைச் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையை ஆட்டிவிட்டு, சிவப்புத் தட்டிலிருந்து மூன்று சங்கிலிகளை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தார். ஒரு சலுங், இரண்டு சலுங், ஒரு பாட். அவர் கேட்டது எடையை.

தாய்லாந்தில் ஒரு பாட் தங்க நகை என்றால் 15.16 கிராம். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டு பவுன். அதில் நாலில் ஒரு பங்கு சலுங். நம் ஊரில் பவுன் என்பது முதலில் பிரிட்டிஷ்காரர்களின் தங்க நாணயம். பிறகுதான் எட்டு கிராமுக்குப் பெயரானது. நாணயம் எடையாக மாறிய கதை நம்முடையது. எடை நாணயமாக மாறிய கதை அவர்களுடையது. நூற்றாண்டுகள் கடந்தும் அந்த மூல எடை நகைக்கடைத் தராசில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அன்றிலிருந்துதான் அந்த நாட்டுப் பணத்தின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த சுகோதாய் அரசின் காலம் தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மக்கள் கையில் புழங்கிய வெள்ளிக் காசுக்குப் பொட் துவாங் என்று பெயர். சுருண்டு கிடக்கும் புழு என்று பொருள் கொள்ளலாம். ஐரோப்பியர்கள் அதன் உருண்டை வடிவத்தைப் பார்த்துத் தோட்டாக் காசு என்றார்கள். சாவ் பிரயா ஆற்றங்கரையில், 1969 முதல் நோட்டு அச்சடித்த பழைய கட்டடத்தை தாய்லாந்து மத்திய வங்கி இப்போது கற்றல் மையமாக மாற்றி வைத்திருக்கிறது. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இந்தக் காசுகளைப் பார்த்துக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் நின்றிருக்கிறேன். எடை போட்ட வெள்ளித் துண்டின் இரு முனைகளையும் சுத்தியலால் உள்நோக்கி வளைத்து, ஒன்றையொன்று தொடும்படி மடக்கியிருக்கிறார்கள். முதுகில் சக்கர முத்திரை. அது இன்றும் ஆளும் சக்ரி வம்சத்தின் அடையாளம். இன்னொரு பக்கம் அந்தந்த அரசரின் முத்திரை. நான்காம் ராமரான மோங்குட் அரசருக்கு அது மகுடம். அவர் பெயரின் பொருளே அதுதான் என்பதை நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது முத்திரை இல்லை. பழைய காசுகளில் உளியால் போட்ட வெட்டு ஒன்று இருக்கும். வெளியே வெள்ளி பூசி உள்ளே மட்டமான உலோகத்தை வைத்து ஏமாற்றவில்லை என்று காட்டுவதற்காகப் போட்ட வெட்டு அது. வாங்குகிறவன் காசைத் திருப்பி, அந்தப் பிளவில் எட்டிப் பார்த்து, உள்ளும் புறமும் ஒரே வெள்ளி என்று உறுதி செய்துகொள்ளலாம். தன் வயிற்றைத் திறந்து காட்டிவிட்டுக் கைமாறிய காசு! இதைவிடச் சிறந்த நாணய வடிவமைப்பை நான் எங்கும் பார்த்ததில்லை என்று துணிந்து சொல்வேன். நம் மொழியில் நாணயம் என்றால் காசு, நேர்மை இரண்டும்தான். அந்த இரண்டும் ஒரே பொருளில் ஒரே உளி வெட்டில் சேர்ந்திருந்ததை அங்கேதான் கண்டேன்.

சில்லறைக்கு வெள்ளி கட்டுப்படியாகாது. அதற்குச் சோழி. மாலத்தீவுப் பக்கமிருந்து கப்பலில் வந்த சோழிகள் 6,400 சேர்ந்தால் ஒரு பாட். 1862இல் வெள்ளீயக் காசுகள் வந்து சோழியை விரட்டின. ஆனால் மொழியிலிருந்து விரட்ட முடியவில்லை. தாய் மொழியில் வட்டிக்கு இன்றும் தோக் பியா என்றுதான் சொல்கிறார்கள். தோக் என்றால் பூ, பியா என்றால் சோழி. வங்கியில் கடன் வாங்குகிறவர்கள் இன்றும் சோழி பூத்த பூவைத்தான் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்ன அழகான சொல்!

கையால் அடித்த காசுக்கு முடிவு கட்டியது வணிகம். 1855இல் பிரிட்டனுடன் பௌரிங் வணிக ஒப்பந்தம் கையெழுத்தானதும் வெளிநாட்டுக் கப்பல்கள் குவிந்தன. அரண்மனைக் கொல்லர்கள் இரவும் பகலும் சுத்தியல் வீசினாலும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1857இல் லண்டனுக்குத் தூதுக்குழு போனது. விக்டோரியா அரசி அனுப்பிய பரிசுகளில் காசு அடிக்கும் இயந்திரமும் ஒன்று. 1860இல் அரண்மனை வளாகத்திலேயே நீராவி இயந்திரத்தோடு நாணயச் சாலை வந்துவிட்டது. தட்டையான காசுகள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. பொட் துவாங் பிறகும் சில பத்தாண்டுகள் பக்கத்தில் புழங்கி, 1904இல் செல்லாக்காசானது. அதற்கு முன்பே, 1897இல், பழைய எடைக் கணக்கை ஒதுக்கிவிட்டு ஒரு பாட்டுக்கு நூறு சதாங் என்ற பதின்மக் கணக்கு அறிவிக்கப்பட்டது. சத அங்கம், நூறில் ஒரு பங்கு. இலங்கைத் தமிழர்கள் சதம் என்று சொல்வதும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

நோட்டுகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1853இலேயே மோங்குட் அரசர் காகிதப் பணத்தை முயன்று பார்த்தார். முறையான அரசு நோட்டு 1902இல்தான் வந்தது. லண்டனின் தாமஸ் டி லா ரூ நிறுவனம் அச்சடித்தது, ஒரு பக்கம் மட்டும். இரண்டாம் வரிசையின் பின்புறத்தில் அரச ஏர் உழவுச் சடங்கு வந்தது. அரசரின் முகம் நோட்டில் ஏறியது மூன்றாம் வரிசையில், 1930களில்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். போர்க்காலத்தில் லண்டன் வழி அடைபட, ஜப்பானில் அச்சடித்தார்கள். சொந்த அச்சகம் கிடைக்க 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் மனக்குறை நாணயங்களைப் பற்றியது. நான் அங்கே வேலைக்குப் போன புதிதில், 2005இல், புதிதாக இரண்டு பாட் நாணயம் வெளியிட்டார்கள். ஒரு பாட் வெள்ளி நிறம்; இதுவும் வெள்ளி நிறம். அளவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் தெரு முனையில் சோறு விற்ற மூதாட்டியை எல்லோரும் "பா" என்று அழைப்போம். பெரியம்மா என்பது போன்ற சொல் அது. மாலை மங்கிய பிறகு அவர் ஒவ்வொரு நாணயத்தையும் விளக்கின் கீழே பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவில் போடுவார். முன்பெல்லாம் பேசிக்கொண்டே, பார்க்காமலே சில்லறை எண்ணிக் கொடுத்த கை அது. எனக்குக் கோபமாக வந்தது. நாள் முழுவதும் காசு எண்ணுகிற ஒரு பெண்ணின் கையில் கொடுத்துப் பார்த்திருந்தால் இந்தப் பிழை நடந்திருக்குமா? சில ஆண்டுகளில் இரண்டு பாட்டைப் பொன்னிறத்துக்கு மாற்றினார்கள். தவற்றைத் திருத்திக்கொண்டதைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எத்தனை பாட் இழந்தாரோ.

அதே நாட்டில்தான் பத்து பாட் நாணயமும் இருந்தது. 1988இல் வந்தது, நடுவில் பொன்னிறம், சுற்றிலும் வெள்ளி நிறம், ஒரு பக்கம் வாட் அருண் கோயில். கோபுரத்துக்கு மேலே சின்னச் சின்னப் புள்ளிகள் உண்டு. அவை பார்வையற்றோருக்கான பிரெயில் எழுத்து. ரயில் நிலையப் படிக்கட்டின் கீழே ஒலிபெருக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாடும் பார்வையற்ற பாடகர் ஒருவரிடம் அதைக் கொடுத்தேன். குவளையில் போடாமல் கையில் கொடுத்ததால் அவர் பாட்டை நிறுத்தாமலேயே கட்டைவிரலை அதன் விளிம்போரம் ஒருமுறை ஓட்டினார். தலை லேசாக அசைந்தது. உளி வெட்டில் எட்டிப் பார்த்த பழைய சயாம்காரனின் விரல்தான் அது என்று எனக்குத் தோன்றியது.

அந்த வரிசையில் ஒவ்வொரு நாணயமும் ஒரு கோயில். ஒரு பாட்டில் வாட் பிரா கேவ், இரண்டில் தங்கமலைக் கோயில், ஐந்தில் வாட் பெஞ்சமபோபித், ஐம்பது சதாங்கில் சியாங்மாய் மலை மேலிருக்கும் தோய் சுதேப். 2018இல் வந்த புதிய நாணயங்களில் கோயில்களின் இடத்தில் அரச முத்திரை வந்துவிட்டது. அரச முத்திரை அந்த மண்ணுக்குப் புதிதல்ல, பொட் துவாங்கிலேயே இருந்ததுதான். ஆனாலும் கோயில்களை எடுத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சில்லறையைக் கொட்டினால் நாட்டையே சுற்றி வந்துவிடலாம் என்ற சுகம் போய்விட்டது.

1997ஐச் சொல்லாமல் விட முடியாது. ஜூலை 2ஆம் தேதி பாட்டின் மதிப்பைச் சந்தையிடம் விட்டுவிட்டது அரசு. டாலருக்கு 25 என்று பல ஆண்டுகள் நின்ற பணம் ஆறே மாதத்தில் 50ஐத் தாண்டிச் சரிந்தது. அப்போது லுவாங் தா மகா புவா என்ற வயதான வனத்துறவி நாட்டுக்கு உதவத் தங்கம் தாருங்கள் என்று கேட்டார். கொடுத்தார்கள். மோதிரம், தோடு, சங்கிலி என்று சேர்ந்த தங்கம் கட்டிகளாக உருக்கப்பட்டு மத்திய வங்கிக்குப் போனது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பன்னிரண்டு டன்னுக்கும் மேல். என் அலுவலகத்தில் இருந்த மூத்த பெண்மணி ஒருவர், தன் அம்மா அப்போது ஒரு சலுங் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்ததைச் சொல்லும்போது தன் விரலைத் தடவிக்கொண்டே சொன்னார். காகிதப் பாட் கைவிட்டபோது அந்த மக்கள் எடைப் பாட்டைக் கொண்டுவந்து அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

ஊர் திரும்புவதற்கு முன்பு தெற்கே கிராபி மாவட்டத்தில் குலோங் தோம் போயிருந்தேன். அங்கே ஒரு புத்தக் கோயிலின் அருங்காட்சியகத்தில் பாசிமணிகளுக்கு நடுவே ஒரு சிறிய கல் இருக்கிறது. பொன்னின் மாற்றுப் பார்க்கும் உரைகல். அதில் தமிழ் பிராமி எழுத்தில் "பெரும்பதன் கல்" என்று வெட்டியிருக்கிறது. கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். பொற்கொல்லரை நாம் பத்தர் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்தான் இது என்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். சுகோதாய்க்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, கடல் தாண்டிப் போன நம்மவர் ஒருவர், அந்தக் கரையில் யாரோ நீட்டிய பொன்னை இந்தக் கல்லில் உரசிப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.