பேர்ஷேவா: பல்கலைக்கழகம் வந்தால் ஊர் வளர்ந்துவிடுமா?

பின்தங்கிய மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தைக் கொண்டுபோய் வைத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று யாராவது பேசினால் எனக்கு பேர்ஷேவா ஞாபகம் வந்துவிடும். இஸ்ரேலின் தெற்கே, நெகேவ் பாலைவனத்தின் வாசலில் இருக்கிற ஊர். 2010-களின் நடுவில் வேதியியல் ஆய்வுக்காக அங்குள்ள பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். எங்கள் துறையில் எந்த ஆய்வகத்தின் பக்கம் போனாலும் இரண்டு தமிழ்க் குரல்களாவது கேட்கும். ஆகவே இந்தப் பதிவைப் படித்துவிட்டுத் திருத்தம் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள் என்பதும் தெரியும்.

அம்மாவுக்கு அது ஆபிரகாம் கிணறு வெட்டிய பெயெர்செபா. நான் குடியிருக்கும் பேட்டையின் பெயர் தாலெத் என்று போனில் சொன்னதும், வேதாகமத்தை எடுத்து சங்கீதம் 119-ஐத் திறந்து ஆலெப், பேத், கிமெல் என்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சங்கீதத்தின் பகுதிகளுக்குத் தலைப்பாக இருக்கும் எபிரெய எழுத்துகள் அவை. உண்மையாகவே அங்கே பல குடியிருப்புகளுக்கு எபிரெய எழுத்துதான் பெயர். நாடு உருவான பிறகு வந்து குவிந்த மக்களுக்காக அவசரமாகக் கட்டியவை. பெயர் யோசிக்க யாருக்கும் பொழுதில்லை போல. நாலு மாடிக் கான்கிரீட் கட்டடம், மொட்டை மாடி முழுக்க சூரியத் தகடும் வெந்நீர்த் தொட்டியும், கீழே தூண்களுக்கு நடுவே பூனைகள். எங்கள் தாலெத்தில் பாதி மாணவர்கள். மீதி ரஷ்யாவிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் வந்த குடும்பங்கள்.

ரஷ்யத் தாத்தாக்கள் மாலையில் மரத்தடியில் செஸ் பலகையோடு உட்கார்ந்துவிடுவார்கள். சோவியத் யூனியன் உடைந்த பிறகு வந்தவர்களால் செஸ்ஸுக்குப் பேர்போன ஊர் அது. 2005-ல் உலக அணிகள் செஸ் போட்டியே அங்கே நடந்தது. சென்னைப் பக்கம் என்று சொன்னால் போதும், "ஆனந்த்!" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். எனக்குக் குதிரையை நகர்த்தத் தெரிந்ததே பெரிய விஷயம் என்பதை அவர்கள் கடைசிவரை நம்பவில்லை.

'ஒன்றுமே இல்லாத மணலில் எழுந்த நகரம்' என்று அந்த ஊரைப் பற்றி ஒரு கதை உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய நகரத்தின் நேர்நேரான தெருக்களை 1900 வாக்கில் போட்டது துருக்கியர்கள். 1906-ல் கட்டிய பெரிய பள்ளிவாசல் இப்போது அருங்காட்சியகமாக நிற்கிறது. 1917-ல் ஆஸ்திரேலியக் குதிரைப்படை பாய்ந்து பிடித்ததும் இந்த ஊரைத்தான். 1948 அக்டோபரில் இஸ்ரேலியப் படை நுழைந்த பிறகு அங்கிருந்த அரபு மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று, திரும்பி வரவில்லை. புதிதாக வந்தவர்களின் பாடும் லேசில்லை. ஆனால் ஊர் காலியாகக் கிடக்கவில்லை.

மணல் என்பதும் சரியில்லை. எங்கள் சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் எவ்வளவு மழை பெய்தாலும் செம்மண் குடித்துவிடும். அங்கே நேர்மாறு. பேர்ஷேவாவைச் சுற்றி இருப்பது காற்று கொண்டுவந்து சேர்த்த நுண்ணிய மஞ்சள் வண்டல். முதல் தூறலிலேயே அதன் மேல்தோல் இறுகி அடைத்துக்கொள்ளும், பின்னால் வரும் மழை உள்ளே இறங்காமல் ஓடும். ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழைதான், இருந்தும் குளிர்காலத்தில் காய்ந்து கிடக்கும் ஓடை திடீரென்று ஆறாகும். ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பு நபத்தேயர்கள் என்ற பழைய அரபு வணிக மக்கள் இந்த ஓட்டத்தைக் கல் வரப்பு கட்டி மடக்கி வெள்ளாமை செய்தார்கள். தாவரவியலாளர் மிகாயேல் எவெனாரி, நெகேவில் அவர்களின் பழைய ஊரான அவ்தாத்தில் அந்தப் பழைய பண்ணை ஒன்றைச் சீர்செய்து, வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவராமலே பழமரம் வளர்த்துக் காட்டினார். பல்கலைக்கழகத்தின் பாலைவன ஆய்வு நிலையம் ஸ்தே போக்கரில் இருக்கிறது. இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்-குரியன் குடியேறி வாழ்ந்து, இப்போது மனைவி பவுலாவுக்குப் பக்கத்தில் அடக்கமாகியிருப்பதும் அங்கேதான். வளைந்த கொம்புக் காட்டாடுகள் ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் நடுவே சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும், நாம்தான் ஒதுங்கிப் போக வேண்டும். எங்கள் ஊர் முருங்கைத் தோட்டங்களில் ஓடுகிற சொட்டுநீர்க் குழாய்த் தொழிலும் பேர்ஷேவாவை ஒட்டிய ஹட்செரிம் கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு) 1965-ல் ஆரம்பித்ததுதான்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு வருகிறேன். 1969-ல் 'நெகேவ் பல்கலைக்கழகம்' என்று தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகத்தைவிட மூன்று வயது இளையது. 1973 டிசம்பரில் பென்-குரியன் இறந்ததும் அவர் பெயரைச் சூட்டினார்கள். வளாகம் முழுக்க பூசாத கான்கிரீட். முதல் வாரம் சிறைச்சாலை மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம் ஒரு ஜூலை மத்தியானம் நூலகத்துக்குள் போனபோதுதான் கட்டியவரின் மனசு புரிந்தது. கூரையில் வரிசையாக எழும்பிய திறப்புகள் வழியாக வெளிச்சம் மட்டும் இறங்கும், வெயில் இறங்காது.

வளாகத்தை ஒட்டி ரயில் நிலையம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் 2013-ல் திறந்த தொழில்நுட்பப் பூங்கா, இரண்டையும் இணைக்க ஒரு நடைபாலம். படத்தில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் வியாழக்கிழமை மத்தியானம் அந்த நிலையத்தில் நின்று பார்க்க வேண்டும். அழுக்குத் துணிப் பையோடு கூட்டம் கூட்டமாக டெல் அவீவ் வண்டிக்கு ஏறுவார்கள். வெள்ளி மாலை பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. மிஞ்சுவது உள்ளூர் ஏழைகளும் எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களும். சனிக்கிழமை இந்திய யூதர்களோடு கிரிக்கெட் ஆடப் போவோம். மராத்தி பேசும் குடும்பங்கள் அங்கேயும் டிமோனாவிலும் நிறைய. பக்கத்து நெவாதிமில் 1950-களில் வந்து குடியேறிய கொச்சி யூதர்களிடம் அரைகுறை மலையாளத்தில் பேசினால் சாப்பிடாமல் விடமாட்டார்கள். பட்டம் வாங்கியதும் மாணவர்களில் பலர் அதே வண்டியில் ஒரேயடியாக ஏறிவிடுவார்கள். ஊருக்கு ஆள் கொண்டுவரப் போட்ட ரயில், ஆளை வெளியே கொண்டுபோகவும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது.

ஆகவே அந்த ஊருக்குப் பல்கலைக்கழகம் செய்த நல்லது என்று கேட்டால் பூங்காவையோ பாலத்தையோ நான் சொல்லமாட்டேன். இரண்டைச் சொல்வேன்.

ஒன்று, 'திறந்த வீடுகள்' திட்டம். மாணவர்களுக்கு வசதி குறைந்த பேட்டைகளில் தங்க வீடு தருகிறார்கள். பதிலுக்கு அவர்கள் அந்தத் தெருவுக்கு வேலை செய்ய வேண்டும். எங்கள் கட்டடத்துக்கு எதிரே அப்படி ஒரு வீடு. சாயங்காலமானால் எத்தியோப்பியப் பிள்ளைகள் கணக்கு நோட்டோடு வந்துவிடுவார்கள். பாடம் முடிந்ததும் அந்தப் பெண் மாடியில் இருக்கும் ஒரு பாட்டிக்கு மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்லிவிட்டு வருவாள். விளம்பரப் பலகையில் போடும்படியான சமாச்சாரம் இல்லை, ஆனால் தெருவுக்கு அது தேவைப்பட்டது.

இன்னொன்று, 1974-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி. பக்கத்திலேயே சொரோக்கா மருத்துவமனை. தெற்கு முழுக்க யாருக்கு என்ன ஆனாலும் அங்கேதான். அவசரப் பிரிவின் வரிசையில் கிப்பா என்ற யூதக் குல்லா வைத்தவரும் ராணுவ உடுப்புக்காரரும் கறுப்பு அங்கி போட்ட பெதுயின் (பாலைவன அரபு இனம்) அம்மாவும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். இஸ்ரேலின் முதல் பெதுயின் பெண் மருத்துவர் இந்தக் கல்லூரியில் படித்தவர்.

ஆனால் அதே பெதுயின்களின் ஊர்களைப் பார்த்தால் இந்தப் பெருமை நிற்காது. தெற்கே ஸ்தே போக்கருக்குப் போகும் வழியில் ரசாயனத் தொழிற்சாலைகளை ஒட்டி வாதி அல்-நாம் என்று ஒரு குடியிருப்பு. தலைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறது, பக்கத்திலேயே மின் நிலையம். தகர வீடுகளுக்கு மட்டும் இணைப்பு கிடையாது, அரசு அங்கீகரிக்காத கிராமம் என்பதால். கூரையில் சொந்தச் செலவில் சூரியத் தகடு வைத்திருப்பார்கள். பாலைவனத்தில் சூரிய ஆற்றல் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். நானும் பார்த்துக்கொண்டே போனவன்தான். நகரம் வளர்ந்தது என்கிற கணக்கில் இவர்களைச் சேர்க்காவிட்டால் அந்தக் கணக்கே தப்பு.

2025 ஜூன் 19 அன்று ஈரான் ஏவுகணை சொரோக்கா மேல் விழுந்தது. நண்பர்கள் அனுப்பிய படங்களில், நான் ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்த பக்கம் கண்ணாடியும் கம்பியுமாகக் கிடந்தது. மனசு கலங்கியது. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் காசாவில் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இடிந்ததையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கேயும் யாரோ விடுதி மாடியில் துணி காயப்போட்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

நம் ஊரில் பல்கலைக்கழகம் என்றாலே ஊருக்கு வெளியே சுற்றுச்சுவர், வாசலில் வளைவு, சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகும் பஸ். பக்கத்துக் கிராமத்துக்காரர் உள்ளே போவது காவலாளி வேலைக்குத்தான். 'திறந்த வீடுகள்' மாதிரி ஒன்றுக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை. வாடகைக்குப் பத்து வீடும், அதைக் கவனிக்க ஒரு ஆளும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். இங்கே எந்தக் கல்லூரியாவது ஏற்கெனவே செய்கிறது என்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், போய்ப் பார்க்கிறேன். பேர்ஷேவாவில் இருந்த மற்றவர்களும் எழுதுங்கள். எந்தக் கடை ஃபலாஃபெல் நல்லது என்கிற சண்டையை மட்டும் தனிப்பதிவில் வைத்துக்கொள்வோம்.