பக்னரை மன்னித்தது யார்?

பில் பக்னர் 2019ஆம் ஆண்டு மே 27ஆம் தேதி, தம் 69ஆம் வயதில் இறந்தார். அவர் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் 22 பருவங்கள் ஆடியவர். 2,715 ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக ஒரு பேஸை, அதாவது ஓடிச் சேரும் தளத்தை, எட்டுவது) அடித்தவர். 1980இல் சிகாகோ கப்ஸ் அணிக்காக அங்குள்ள இரண்டு பெரிய லீக்களில் ஒன்றான நேஷனல் லீகின் சிறந்த பேட்டிங் சராசரியைப் பெற்றவர். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மட்டை பிடித்தும், மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது மூன்று பந்துகளைத் தவறவிட்டு, வெளியேறியது 453 முறை மட்டுமே என்பது இன்றைய ஆட்டக்காரர்கள் கனவிலும் காண முடியாத கணக்கு. ஆனால் அவரைப் பற்றி வந்த இரங்கல் செய்திகளில் பல, தலைப்பிலோ முதல் வரியிலோ, அவருடைய கால்களுக்கு இடையே புகுந்து ஓடிய ஒரு பந்தைத்தான் பேசின. ஓர் ஆட்டக்காரரின் வாழ்நாள் முழுவதையும் ஒரே நொடிக்குள் சுருக்கிவிடும் இந்தப் பழக்கம் ரசிகர்களுக்கு எங்கிருந்து வருகிறது, அதனால் ஆதாயம் அடைபவர்கள் யார் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த இரவைச் சொல்லிவிடுகிறேன். 1986 அக்டோபர் 25, நியூயார்க் ஷே மைதானம், சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் பக்னர் அப்போது ஆடிய பாஸ்டன் ரெட் சாக்ஸ் மூன்றுக்கு இரண்டு என்று முன்னிலையில் இருந்தது. 1918க்குப் பிறகு கோப்பையே காணாத அந்த அணி, இந்த ஓர் ஆட்டத்தை வென்றால் 68 ஆண்டுக் காத்திருப்பு முடிந்துவிடும். வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் முடிவு கிடைக்காமல் நீண்ட ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 5–3 என்று முன்னேறியது. நியூயார்க் மெட்ஸ் அணியின் முதல் இருவரும் அவுட் ஆனார்கள். இன்னும் ஒரே ஓர் அவுட்தான் வேண்டியிருந்தது. அப்போது கேரி கார்ட்டர், கெவின் மிட்செல், ரே நைட் என்று மூவர் அடுத்தடுத்து ஹிட் அடித்தார்கள். கார்ட்டர் ஓடிவந்து ஒரு ரன் சேர்த்தார். பாஸ்டனின் பிட்சர் (பந்து வீசுபவர்) கால்வின் ஷிரால்டியை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியைக் கொண்டுவந்தார்கள். ஸ்டான்லி வீசிய ஒரு பந்து கேட்சரின் கைக்கு எட்டாமல் விலகி ஓடியது. மிட்செல் வந்து சேர, ஆட்டம் 5–5 என்று சமமாகியது. இவையெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் மூக்கி வில்சன் மெதுவாக உருட்டிய பந்து, பக்னர் காவல் நின்ற முதல் பேஸை நோக்கி வந்தது. அது பக்னரின் கையுறைக்கு அடியில் நழுவிப் பின்னால் ஓட, நைட் ஓடிவந்தார். பாஸ்டன் 5–6 எனத் தோற்றது.

இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாலே போதும். பந்து பக்னரிடம் வரும்போது பாஸ்டனின் முன்னிலை ஏற்கனவே கரைந்துபோயிருந்தது. அவர் அதைப் பிடித்திருந்தாலும் ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குத்தான் போயிருக்குமே தவிர, வெற்றி கிடைத்திருக்காது. வில்சன் மிக வேகமாக ஓடக்கூடியவர் என்பதால், பந்தைப் பிடித்திருந்தாலும் அவரை அவுட் ஆக்கியிருக்க முடியுமா என்ற கேள்விகூட இன்றுவரை இருக்கிறது. பக்னரின் கணுக்கால்கள் அந்தப் பருவம் முழுவதும் நொந்துபோயிருந்தன என்பதும், முந்தைய ஆட்டங்களில் முன்னிலை இருந்தபோது கடைசி இன்னிங்ஸ்களில் அவருக்குப் பதிலாக டேவ் ஸ்டேபிள்டனை இறக்கிய மேலாளர் ஜான் மெக்நமாரா அன்று மட்டும் அப்படிச் செய்யவில்லை என்பதும் எல்லோரும் அறிந்தவை. மேலும், தொடர் அன்றோடு முடிந்துவிடவும் இல்லை. இரண்டு நாள் கழித்து நடந்த ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டன் 3–0 என்று முன்னிலை பெற்று, பிறகு 5–8 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில், அணி பின்தங்கியிருந்த நேரத்தில், ஹிட் அடித்து ரன் சேர்த்தவர்களில் பக்னரும் ஒருவர். அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இதற்கு ரசிகர்களின் குரூரம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. பேஸ்பாலின் கணக்கு எழுதும் முறையே தோல்விக்கு ஒரு பெயரைக் கேட்கிறது. கிரிக்கெட்டில் ஒருவர் கேட்சை நழுவவிட்டால் ஸ்கோர்கார்டில் அதற்குக் கட்டம் கிடையாது. வர்ணனையாளர் வருந்துவார், ரசிகர்கள் திட்டுவார்கள், ஏட்டில் எதுவும் ஏறாது. பேஸ்பாலிலோ ரன், ஹிட் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே பிழைகளுக்கும் ஒரு கட்டம் உண்டு. மைதானத்தின் பெரிய பலகையில் எல்லோரும் பார்க்கும்படி அது ஒளிரும். எது பிழை, எது பிழையில்லை என்பதை முடிவுசெய்வதற்கென்றே ஓர் அதிகாரப்பூர்வ ஸ்கோரர் அமர்ந்திருக்கிறார். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்தைச் சமமாக்கிய ஸ்டான்லியின் விலகிய பந்து விதிப்படி பிழைக் கட்டத்தில் சேராது. அதற்கு வேறு பெயர், வேறு கணக்கு. வெற்றியைக் கைநழுவச் செய்த பந்துக்குப் பிழை இல்லை. வெற்றி ஏற்கனவே நழுவிய பிறகு வந்த பந்துக்குப் பிழை உண்டு. அந்தப் பிழைக்கு எதிரே பக்னரின் பெயர் நிரந்தரமாக எழுதப்பட்டுவிட்டது. ரசிகர்கள் அந்த ஏட்டைத்தான் படித்தார்கள். அதிலிருந்தே தங்கள் கோபத்துக்கும் ஒரு முகவரியை எடுத்துக்கொண்டார்கள்.

ஏடு பெயரைத் தராத இடத்தில் கேமரா தந்துவிடுகிறது. 2003 அக்டோபர் 14 அன்று சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் நடந்தது அதுதான். ஃப்ளோரிடா மார்லின்ஸுக்கு எதிராகக் கப்ஸ் 3–0 என்று முன்னிலையில் இருந்தது. உலகத் தொடருக்குள் நுழைய இன்னும் ஐந்து அவுட்கள்தான் வேண்டும். இடது புறக் கோட்டுக்கு வெளியே, பார்வையாளர் வரிசையின் விளிம்பில் இறங்கிய ஒரு ஃபவுல் பந்துக்குப் பலர் கை நீட்டினார்கள்; அவர்களில் ஓர் இளைஞரின் கை அதில் பட்டது. அதைப் பிடிக்கத் தாவிய மொய்செஸ் அலூ கோபத்தில் கையுறையை வீசி உதறினார். அதன் பிறகு பிட்சர் மார்க் பிரையர் தடுமாறினார். எளிதாக இரண்டு அவுட் எடுத்திருக்கக்கூடிய பந்தை கப்ஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் களத்தடுப்பாளர்) அலெக்ஸ் கொன்சாலெஸ் நழுவவிட்டார். மார்லின்ஸ் அந்த ஓர் இன்னிங்ஸில் எட்டு ரன் குவித்தது. மறுநாள் ஏழாவது ஆட்டத்திலும் கப்ஸ் தோற்றது. ஏட்டில் பிழை கொன்சாலெஸின் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது தலையில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்த அந்த ரசிகரின் முகத்தை. அவரைப் பாதுகாவலர்கள் மைதானத்திலிருந்து பத்திரமாக வெளியேற்ற வேண்டியிருந்தது.

அவர் பெயர் உலகுக்கே தெரியும்; ஆனாலும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அடுத்த நாளே அவர் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். பிறகு பணம் தருகிறோம் என்று வந்த விளம்பர வாய்ப்புகளையும் பேட்டிகளையும் ஒதுக்கிவிட்டு ஒதுங்கியே வாழ்கிறார். அவரை வேட்டையாடியவர்களில் மைதானத்தில் பீர் கோப்பை எறிந்தவர்கள் மட்டும் இருக்கவில்லை. இல்லினாய் மாநில ஆளுநராக இருந்த ராட் பிளகோயெவிச், அந்த மனிதர் ஏதாவது குற்றம் செய்தால் என்னிடமிருந்து மன்னிப்புக் கிடைக்காது என்ற பொருளில் நகைச்சுவையாகப் பேசினார். ஃப்ளோரிடா ஆளுநர் ஜெப் புஷ் தம் மாநிலத்தில் அடைக்கலம் தருவதாகச் சொன்னார். (அந்த இல்லினாய் ஆளுநரே பின்னாளில் ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார் என்பது தனிக் கதை.) அந்தப் பந்தை ஓர் உணவகத்தார் 1,13,824 டாலருக்கு ஏலம் எடுத்து, 2004 பிப்ரவரியில் ஊர் கூடி வேடிக்கை பார்க்க வெடி வைத்துத் தகர்த்தார்கள். பக்னரைக் கடந்து ஓடிய பந்தோ 1992இல் 93,500 டாலருக்கு விற்றது; 2012இல் அதே பந்து 4,18,250 டாலருக்குப் போனது. ஒரு மனிதரின் அவமானத்துக்குச் சந்தை விலை இப்படி ஏறிக்கொண்டே போகும்போது, அது தானாக மறக்கப்படும் என்று எதிர்பார்ப்பது வெகுளித்தனம்.

இனி மன்னிப்புக்கு வருகிறேன். ரெட் சாக்ஸ் 2004இல் கோப்பையை வென்றபோது, பக்னரை மன்னித்துவிட்டோம் என்று பலர் எழுதினார்கள், பதாகை பிடித்தார்கள். 2007இல் மறுபடியும் வென்ற அணி, 2008 ஏப்ரல் 8 அன்று ஃபென்வே மைதானத்தில் நடந்த பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு அவரை அழைத்துத் தொடக்கப் பந்தை வீசச் சொன்னது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று நீண்ட நேரம் கைதட்டியது. பக்னர் கண்களைத் துடைத்துக்கொண்டார். தம் பழைய தோழர் டுவைட் எவன்ஸுக்குப் பந்தை வீசினார். அமெரிக்க விளையாட்டு உலகம் இன்றும் உருகி உருகிப் பேசும் காட்சி அது. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதற்கு வைக்கப்படும் தலைப்பைத்தான் ஏற்க முடியவில்லை. தாங்கள்தான் மன்னித்தவர்கள் என்று ரசிகர்கள் எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்? நொந்த கால்களோடு களத்தில் நின்று ஒரு பந்தைத் தவறவிட்டவர், மன்னிக்கப்பட வேண்டிய அளவுக்கு யாருக்கு என்ன தீங்கு செய்தார்? தீங்கு நடந்தது மறுபக்கத்தில். மாசசூசெட்ஸிலிருந்து குடும்பத்தோடு ஐடஹோவுக்குப் போய்க் குடியேறியவர் அவர். போகும் இடமெல்லாம் கேலியைக் கேட்டவர் அவர். மன்னிக்கும் அதிகாரம் அவரிடம் மட்டுமே இருந்தது. அன்று செய்தியாளர்களிடம் பேசும்போது, தாம் மன்னிக்க வேண்டியிருந்தது பாஸ்டன் ரசிகர்களைவிட, தம்மையும் தம் குடும்பத்தையும் படாத பாடு படுத்திய ஊடகங்களையே என்று அவர் சொன்னார். விழா ஏற்பாட்டாளர்களைவிட அவருக்குக் கணக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990இல் பக்னர் தம் கடைசிப் பருவத்துக்காக ரெட் சாக்ஸுக்குத் திரும்பியபோதே ஃபென்வே ரசிகர்கள் எழுந்து நின்று வரவேற்றார்கள். அப்போது அந்த அணியின் கோப்பைக் காத்திருப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. ஆகவே எல்லா ரசிகர்களையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியாகாது. சிகாகோவிலும், கப்ஸ் 2016இல் வென்ற பிறகு, நிர்வாகம் அந்த ரசிகருக்கு 2017இல் சாம்பியன் மோதிரம் ஒன்றை அளித்தது. நல்ல செயல்தான். ஆனால் 108 ஆண்டு வறட்சி முடிந்து கை நிறைந்த பிறகு காட்டும் பெருந்தன்மைக்கு நான் கொஞ்சம் குறைவாகவே மதிப்பெண் போடுவேன். 2003 அக்டோபரில், அவர் வீட்டைக் காவலர்கள் காத்துநின்ற நேரத்தில், அன்றைய நிர்வாகம் அவருக்காக இன்னும் உரத்துப் பேசியிருக்கலாம்.

இது பழைய கதை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். பழைய ஏட்டின் மேல் இப்போது பணமும் கட்டப்படுகிறது. விளையாட்டுச் சூதாட்டத்தைத் தடுத்த கூட்டாட்சிச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதத்தில் நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் சூதாட்ட விடுதிகளை நடத்தும் எம்ஜிஎம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. எந்த அணி வெல்லும் என்பதற்கு மட்டும் பந்தயம் இருந்த காலம் போய், இந்த ஆட்டக்காரர் எத்தனை ஹிட் அடிப்பார், இந்த பிட்சர் எத்தனை பேரை வீழ்த்துவார், அடுத்த பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்று தனி மனிதரின் ஒவ்வோர் அசைவுக்கும் விலை வந்துவிட்டது. 2025 மே மாதம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பிட்சர் லான்ஸ் மெக்கல்லர்ஸ், சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டத்தில் ஒரே ஓர் அவுட் எடுத்து ஏழு ரன் கொடுத்தார். அன்றிரவு அவருடைய குழந்தைகளைக் கொல்வதாகச் செய்தி வந்தது. வெளிநாட்டில் குடித்துவிட்டுப் பந்தயத்தில் பணம் இழந்த ஒருவர் அதை அனுப்பியதாகப் போலீசார் கண்டறிந்தார்கள். அதே மாதம் ரெட் சாக்ஸ் பிட்சர் லியாம் ஹென்ட்ரிக்ஸ், புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர், அந்த நோயிலேயே நீ செத்திருக்கலாம் என்று தமக்கு எழுதுகிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொன்னார். ஜூனில் சிகாகோவில் அரிசோனா அணி ஆட்டக்காரர் கெட்டல் மார்ட்டேயின் இறந்துபோன தாயைக் குறித்து ஒரு பார்வையாளர் வசை பேச, மார்ட்டே களத்திலேயே அழுதார். வசை பேசியவருக்கு எல்லா மைதானங்களிலும் காலவரையறையின்றித் தடை விதித்தார்கள். அந்தத் தடை சரியான முடிவு. ஆனால் மைதானத்துக்கே வராமல் கைப்பேசியில் மிரட்டுபவரை எந்த வாயிலில் நிறுத்துவது?

ரசிகர் ஊளையிடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. டிக்கெட் வாங்கிய கூட்டம் மோசமான ஆட்டத்துக்கு அதிருப்தி காட்டுவது இந்த ஆட்டத்தோடு பிறந்தது. கோடிக்கணக்கில் சம்பளம் பெறும் ஆட்டக்காரர்களுக்கும் அது தெரியும். ‘இவ்வளவு சம்பளம் வாங்குகிறாரே, ஏச்சும் அதில் அடக்கம்தானே’ என்று வாதிடும் நண்பர்களுக்கு என் பதில், சம்பளம் ஆட்டத்துக்குக் கொடுக்கப்படுகிறது, பிள்ளைகளின் உயிருக்கு வரும் மிரட்டலுக்கு அல்ல என்பதுதான். அதைவிட முக்கியமாக, அந்த மிரட்டல்களை ஒரு சில கிறுக்கர்களின் வேலை என்று லீக் நிர்வாகம் தள்ளிவிடுவதை ஏற்க முடியாது. தனி ஆட்டக்காரரின் தோல்வியை விற்பனைக்கு வைத்தவர்கள், அதை வாங்கியவரின் கோபத்திலும் பங்கு ஏற்க வேண்டும்.

2025 நவம்பரில், கிளீவ்லாந்து பிட்சர்கள் இம்மானுவேல் கிளாசே, லூயிஸ் ஓர்ட்டிஸ் இருவர் மீதும் பந்தயக்காரர்களுக்காகக் குறிப்பிட்ட பந்துகளை மாற்றி வீசியதாகக் குற்றச்சாட்டு பதிவானதும்தான் லீக் விழித்துக்கொண்டது. ஒரே பந்தின் மேல் கட்டும் பந்தயத்துக்கு 200 டாலர் உச்சவரம்பு வைப்பதாகப் பந்தய நிறுவனங்களோடு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. ஆட்டத்தின் நேர்மைக்கு ஆபத்து என்றதும் நாட்கணக்கில் வந்த விதி, மெக்கல்லர்ஸின் குழந்தைகளுக்கு மிரட்டல் வந்த மே மாதத்தில் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்த வரம்பும் ஒற்றைப் பந்துக்கு மட்டும்தான். ஓர் ஆட்டக்காரர் இன்றிரவு எத்தனை ஹிட் அடிப்பார், எத்தனை ரன் கொடுப்பார் என்ற பந்தயங்கள் அப்படியே தொடர்கின்றன. அவற்றை முழுவதுமாக நிறுத்த வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. வருமானம் குறையும் என்பார்கள், குறையட்டும்.