மெதுவான ப்ளூஸை ராத்திரியின் கடைசிக்குத் தள்ளாதீர்கள்

ஸ்விங் நடன இரவுகளில் மெதுவான ப்ளூஸ் போடலாமா என்று யோசிக்கும் அமைப்பாளர்கள் பெரும்பாலும் ஒரே ஏற்பாட்டில்தான் வந்து நிற்கிறார்கள். "பதினோரு மணிக்கு மேல, லைட்டைக் கொஞ்சம் குறைச்சுட்டு, கடைசி அரை மணி நேரம் போட்டுப் பார்ப்போம்." ப்ளூஸைக் கெடுப்பதே இந்த ஏற்பாடுதான் என்பது என் உறுதியான கருத்து. மெதுவான பாட்டு மாலையின் நடுவில் வர வேண்டும். எல்லா விளக்கும் எரியும்போது, புதிதாக வந்தவர்கள் இன்னும் கிளம்பாமல் இருக்கும்போது, ஒரு நேரத்தில் ஒரு பாட்டாக வர வேண்டும்.

பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு வரி. ஸ்விங் இரவுகளில் பெரும்பாலும் ஆடும் லிண்டி ஹாப் என்பது 1920களின் கடைசியில் நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின மக்கள் உருவாக்கிய ஜோடி நடனம். 1926இல் திறந்து 1958இல் மூடிய சவாய் பால்ரூம் அதன் தாய்வீடு. இன்று லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர், பெங்களூரு என்று பல ஊர்களில் வாரா வாரம் கூடி ஆடுகிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஜோடியை மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். பாட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 130 முதல் 190 தட்டு வரை ஓடும். ப்ளூஸ் கறுப்பின அமெரிக்கர்கள் உருவாக்கிய இசை. நான் மெதுவான ப்ளூஸ் என்று சொல்வது 60க்கும் 100க்கும் இடைப்பட்டது.

கடைசி நேரம், மங்கிய வெளிச்சம், மெதுவான பாட்டு. இந்த மூன்றும் சேர்ந்தால் அரங்கில் இருப்பவர்களுக்குப் போகும் சேதி ஒன்றே ஒன்றுதான்: இது காதல் ஜோடிகளுக்கான நேரம். தனியாக வந்த பெண் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மூன்றாவது வாரமாக வரும் பையன் சுவரோரம் நின்று போனைப் பார்ப்பான். தெரியாத ஒருவரின் கையைப் பிடித்து ஆடுவதற்கே தயங்கித் தயங்கிப் பழகியவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். அவர்களை இருட்டில் அணைத்து ஆடச் சொன்னால் அடுத்த வாரம் வரவே மாட்டார்கள். இன்னொரு காரணம் கால். மூன்று மணி நேரம் ஆடிய பிறகு தொடையில் வலு இருக்காது. மெதுவாக ஆட அந்த வலுதான் முதலில் வேண்டும். விளம்ப காலத்தில் பாடுவது துரிதத்தைவிட ஏன் கடினம் என்று பாட்டுக் கற்றவர்களைக் கேளுங்கள், இதையேதான் சொல்வார்கள். இடைவெளி பெரிதாகப் பெரிதாக அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலையும் பெரிதாகும்.

"லிண்டி ஆட வந்தவர்களிடம் எதற்கு ப்ளூஸ்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அவர்கள் ஏற்கெனவே ப்ளூஸுக்குத்தான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கவுண்ட் பேஸி இசைக்குழுவின் அடையாளப் பாட்டாக இருந்த, 1937இல் பதிவான 'ஒன் ஓ'கிளாக் ஜம்ப்' பன்னிரண்டு பார் ப்ளூஸ்தான். ஸ்விங் காலத்துப் பாட்டுகளில் இப்படி எத்தனையோ உண்டு. உடம்புக்குத் தெரிந்த அதே கட்டுமானத்தை வேகம் குறைத்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தக் கட்டுமானத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். மெதுவாக ஆடும்போது சலிப்பு வராமல் காப்பாற்றுவது அதுதான். ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு பார், பாருக்கு நான்கு தட்டு, ஆக 48 தட்டு. லிண்டி ஆடுபவர்கள் எட்டெட்டாக எண்ணுவதால் அவர்களுக்கு இது ஆறு எட்டு. 160 வேகத்தில் ஒரு சுற்று 18 நொடியில் முடிந்துவிடும். 72இல் அதே சுற்று 40 நொடி நீளும். பாடகர் முதல் வரியைப் பாடுவார், அதையே இன்னொரு முறை பாடுவார், மூன்றாவது வரியில் அதற்கு முடிவு சொல்வார். ஒவ்வொரு வரிக்கும் நான்கு பார் உண்டு. ஆனால் குரல் ஏறக்குறைய இரண்டரை பாரில் நின்றுவிடும். மிச்ச இடத்தில் பியானோவோ கிட்டாரோ டிரம்பெட்டோ பதில் சொல்லும். 72 வேகத்தில் அந்தப் பதிலுக்கு ஐந்து நொடி கிடைக்கிறது. குரல் வரும்போது எளிமையாக நடங்கள். பதில் வரும்போது ஒரு திருப்பமோ, கால் இழுப்போ, தோள் அசைவோ போதும். கடைசி இரண்டு பாரில் இசை சுற்றி வளைத்துத் தொடக்கத்துக்குத் திரும்பும். அப்போது ஜோடியும் அடக்கிக்கொண்டு நடுவுக்கு வரலாம். இந்த ஒரு விஷயம் காதில் விழுந்துவிட்டால் நாலைந்து அசைவு மட்டும் தெரிந்தவர்களும் மூன்று நிமிடம் நன்றாக ஆடலாம்.

கால் வேலைக்கு வருவோம். 70 வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே முக்கால் நொடிக்கு மேல் இருக்கிறது. லிண்டிக்காரர் பழக்கத்தில் அரை நொடிக்குள் கால் வைத்து முடித்துவிடுவார். மிச்ச நேரம் விறைத்து நிற்பார். விறைத்த உடம்பு சரியும்போது கை இழுக்கும், எதிரில் இருப்பவரின் தோள் வலிக்கும். மெதுவான பாட்டில் "கையைப் பிடித்து இழுக்கிறார்" என்று வரும் புகார்களின் வேர் கையில் இல்லை, காலில் இருக்கிறது. அடி வைப்பது வேறு, எடை மாற்றுவது வேறு. பாதம் தரையைத் தொட்ட பிறகு எடை மெல்ல மெல்ல அதன்மேல் ஏற வேண்டும். ஏறி முடியும் கணமும் அடுத்த தட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். தாங்கும் காலின் முட்டி லேசாக மடிந்தே இருக்கட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் அந்த முட்டி சின்னதாக அமுங்கி எழட்டும். அந்தத் துடிப்பு நின்றுவிட்டால் வெறும் தள்ளாட்டம்தான் மிஞ்சும்.

இரண்டு தட்டுக்குள் மூன்று அடி வைக்கும் டிரிபிள் ஸ்டெப்பை 100க்குக் கீழே விட்டுவிடுங்கள். அந்த வேகத்தில் அது இழுபட்டுக் கனத்துப்போகும். ஒரு தட்டுக்கு ஓர் அடி, சில நேரம் இரண்டு தட்டுக்கு ஓர் அடி போதும். ஹார்லெமின் வாடகை விருந்துகளிலும் தெற்கு மாநிலங்களில் ஜூக் ஜாயின்ட் என்ற எளிய மது, நடனக் கூடங்களிலும் ஆடிய ஸ்லோ டிராக் என்ற நடனத்தில் எடையில்லாத கால் தரையை உரசிக்கொண்டே வந்து சேரும். மாத வாடகைக்குப் பணம் திரட்டுவதற்காக வீட்டுக்குள்ளேயே நடத்திய விருந்துகள் அவை. நாற்காலி மேஜையை ஒதுக்கினால் கிடைக்கும் இடத்தில் அத்தனை பேர் ஆட வேண்டும். அகலமான அசைவுக்கு அங்கே வழியில்லை. நெரிசலான அரங்கில் இன்றைக்கும் அதே பாடம் உதவும்.

இனி டிஜே வேலை. பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான்.

180இல் ஓடிய பாட்டுக்கு அடுத்து 65 போட்டால் அரங்கு காலியாகத்தான் செய்யும். இறங்குவதற்குப் படிக்கட்டு வேண்டும். 165, 150, 130, 110, பிறகு 88. அங்கிருந்து ஏறும்போது 120, 145. மெதுவான பாட்டை அடுத்து உடனே 190 போடாதீர்கள். தணிந்த தசையைச் சட்டென்று விரட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வட்டம் கட்டி வேகமாக ஆடும் ஜாம் முடிந்த தருணம் இதற்கு நல்ல வாய்ப்பு. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அப்போது 100ஐ ஒட்டிய, நடைபோடும் ப்ளூஸ் ஒன்றைப் போட்டால் யாரும் வெளியேற மாட்டார்கள். மணிக்குப் பதினாறு, பதினேழு பாட்டு என்றால் முதல் ஒரு மாதம் மணிக்கு ஒன்று போதும். பழகிய பிறகு இரண்டைச் சேர்த்துப் போடலாம். முதலாவது 90, அடுத்தது 72. மூன்றாவது வேண்டாம். கலப்பு இரவில் மூன்று மெதுவான பாட்டு தொடர்ந்து வந்தால் வேகத்துக்காக வந்தவர்களுக்கு அது அநியாயம்.

மென்பொருள் காட்டும் வேக எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 70ஐ 140 என்று காட்டும். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று மூன்றாக ஓடும் ப்ளூஸ் நிறைய உண்டு, நம் கணக்கில் திஸ்ர நடை. அதில் 60ஐ 90 என்றோ 180 என்றோ காட்டிவிடும். பட்டியலில் 140 என்று பார்த்துப் போட்டுவிட்டு, அரங்கு திகைத்து நிற்கும்போது கையைப் பிசைவதில் பயனில்லை. வீட்டிலேயே காலால் தட்டிப் பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதை ஒரு முறை எழுதிவைத்துவிட்டால் போதும்.

நீளத்தையும் பாருங்கள். பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் இடம். 72 வேகத்தில் நான்கு பார் முன்னிசையோடு நான்கு சுற்று, சரியாக அடங்கிவிடும். 1948இல் எல்பி என்ற நீண்ட நேர இசைத்தட்டு வந்த பிறகு ஏழெட்டு நிமிடப் பாட்டுகளும் வந்தன. கேட்க அருமையானவை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரோடு ஏழு நிமிடம் மெதுவாக ஆடுவது இருவருக்குமே பாரம். நாலரை நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். நீளமான பாட்டுதான் வேண்டும் என்றால் சுற்று முடியும் இடத்தில் ஒலியைத் தணித்து முடியுங்கள். சுற்றின் நடுவில் வெட்டாதீர்கள்.

எந்தப் பாட்டு? டபுள் பாஸும் டிரம்ஸும் தெளிவாகக் கேட்பது. தொடங்குபவர்களுக்குக் காலுக்கடியில் தரை மாதிரி அந்தத் தட்டு வேண்டும். தனிக் கிட்டாரும் குரலுமாக இருக்கும் பழைய கிராமத்து ப்ளூஸ் எனக்கு உயிர். ஆனால் ஜான் லீ ஹூக்கர், லைட்னின் ஹாப்கின்ஸ் போன்றவர்கள் தனியாக வாசிக்கும்போது பன்னிரண்டு பார் பதினொன்றாகும், பதிமூன்றரையாகும். மனம் போனபடி நீட்டுவார்கள், சுருக்குவார்கள். அது அவர்களின் கலை. புதியவர்கள் அதில் தடுமாறிப்போவார்கள். கவுண்ட் பேஸி குழுவோடு ஜிம்மி ரஷிங் பாடியவை, ஜே மெக்‌ஷானின் கான்சாஸ் சிட்டி பியானோ, ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸஃபோன், இவற்றில் தொடங்குங்கள். லிண்டிக்காரர்களின் காதுக்கு இது பழகிய ஓசை. அங்கிருந்து மடி வாட்டர்ஸின் சிகாகோ மின்கிட்டாருக்குப் போகலாம். பெஸி ஸ்மித்தின் 1920களின் பதிவுகளும் வேண்டும். ஆனால் அவற்றின் ஒலி மெலிந்தது, பேச்சுச் சத்தத்தில் அமுங்கிப்போகும். முந்தின பாட்டின் அளவுக்கு ஒலியை ஏற்றிவைத்துக்கொண்டு போடுங்கள்.

மெதுவாக இருப்பதெல்லாம் ப்ளூஸ் ஆகிவிடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இன்றைய மெல்லிய பாப் பாட்டைப் போட்டு அதைப் ப்ளூஸ் என்று அறிவிப்பது, இந்த இசையை உருவாக்கிய கறுப்பின அமெரிக்கர்களின் உழைப்பை அழிப்பது. அடிமைத்தனத்தின் கொடுமைக்குப் பிந்தைய தலைமுறைகள் தெற்கின் பருத்திக் காடுகளிலிருந்து சிகாகோவரை சுமந்து சென்ற இசை அது. அதில் அழுகை மட்டும் இல்லை. வீராப்பு இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, ரயிலும் 1927இன் மிசிசிப்பி வெள்ளமும் இருக்கின்றன. அதனால் வரிகளையும் முழுதாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள். மனைவியை அடிப்பதாகப் பாடும் பழைய பாட்டுகளும் உண்டு. அவற்றை நடன அரங்கில் ஒலிக்கவிட வேண்டிய தேவை இல்லை.

தூரத்தைப் பற்றி. மெதுவான பாட்டு என்றால் ஒட்டி ஆட வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. மூன்று தூரம் உண்டு. கையை மட்டும் பிடித்து ஆடுவது, முழங்கை அளவு இடைவெளியில் முதுகில் கை வைத்து ஆடுவது, விலா தொட ஆடுவது. மூன்றிலும் முழு நடனமும் சாத்தியம். இருவரில் யார் கூடுதல் இடைவெளி கேட்கிறாரோ அவர் சொல்வதுதான் செல்லும். ஆட்டத்தை வழிநடத்துபவர் (லீட்) கை விரித்த நிலையில் தொடங்கட்டும், பின்தொடர்பவர் (ஃபாலோ) விரும்பினால் நெருங்கட்டும். லீடின் கை தோள்பட்டை எலும்புக்குக் கீழே இருக்கட்டும், இடுப்புக்கு இறங்க வேண்டாம். அறிமுகமில்லாதவரைப் பின்னால் சாய்க்கவே சாய்க்காதீர்கள். மெதுவான பாட்டு முடியும்போது சாய்த்து முடிக்கும் ஆசை பலருக்கு வரும். எதிர்பாராமல் சாய்க்கப்பட்டவரின் இடுப்பும் கழுத்தும்தான் அதற்கு விலை கொடுக்கும்.

இதையெல்லாம் நடன இரவு தொடங்கும் முன் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். முட்டித் துடிப்புக்கு நான்கு நிமிடம், எடை மாற்றத்துக்கு மூன்று, தூரத்துக்கும் மறுப்புச் சொல்வதற்கும் மூன்று. "இந்தப் பாட்டு வேண்டாம், அடுத்ததுக்கு ஆடலாமா?" என்ற வாக்கியத்தை எல்லோரையும் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லவையுங்கள். வாயில் ஒரு முறை வந்த வாக்கியம் தேவைப்படும்போது தடங்கலில்லாமல் வரும்.

முதல் வாரம் அரங்கு பாதி காலியாகும். பதறிப்போய்ப் பாட்டைப் பாதியில் மாற்றாதீர்கள். மாற்றினால் "இது ஓடாது" என்று நீங்களே முத்திரை குத்தியதாகிவிடும். அதற்குப் பதிலாக, சொல்லிக்கொடுப்பவர்களும் அமைப்பாளர்களும் முதல் இருபது நொடிக்குள் இறங்கி ஆடட்டும். தங்களுக்குள் ஜோடி சேராமல் ஆளுக்கொரு புதியவரை அழைக்கட்டும். "உங்கள் மனசுக்குப் பிடித்தவரைத் தேடிப் பிடியுங்கள்" என்ற மாதிரி அறிவிப்பு எதுவும் மைக்கில் வேண்டாம். மற்ற பாட்டுக்கு என்ன சொல்வீர்களோ அதையே சொல்லுங்கள். பேசாமல் பாட்டைப் போட்டாலும் சரிதான்.

உங்கள் ஊரில் எந்த நேரத்தில், எந்த வேகத்தில் போடுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். 80க்குக் கீழே, பாஸ் தெளிவாகக் கேட்கும், நாலு நிமிடத்துக்குள் முடியும் பாட்டுகள் உங்களிடம் இருந்தால் அவற்றையும் சேர்த்துப் போடுங்கள்.