அந்த எஞ்சின் நேராவே நிக்க மாட்டேங்குது

மூணு ராத்திரி போச்சுங்க. மூணு ராத்திரி! இப்பவும் மேஜை மேல தலைய இடது பக்கமா சாய்ச்சுக்கிட்டு நிக்குது, பாக்கப் பாக்க வயிறு எரியுது.

1992ல ஜப்பான் இயக்குநர் மியாசாகி எடுத்த போர்கோ ரோஸோ அனிமேஷன் படத்துல வருமே செவப்பு கடல் விமானம், அதத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன், நிஜத்துல 72ல ஒரு பங்கு அளவுல (1/72) பிளாஸ்டிக் துண்டுகள ஒட்டிச் செய்யற மாடல் கிட். அந்தப் படத்த எத்தனை தடவ பாத்திருப்பேன்னு கணக்கே கிடையாது. அந்த விமானத்துக்கு அழகே எஞ்சின் உடம்புக்குள்ள இல்லாம றெக்கைக்கு மேல கால் ஊனி தனியா நிக்கிறதுதான், பறக்கும் படகுகள்ல தண்ணி தெறிச்சு ப்ரொப்பெல்லர்ல அடிக்கக் கூடாதுன்னு அப்படி உசரத்துல தூக்கி வைப்பாங்க. அந்த எஞ்சின் கோணலா நின்னா மொத்த விமானமும் கோணல், அவ்வளவுதான், மத்ததெல்லாம் எவ்வளவு சுத்தமா செஞ்சிருந்தாலும் கண்ணு அங்கதான் போகும்.

அப்போ கிட் டிசைன் பண்றவங்க அதிகமா மெனக்கெட வேண்டிய எடம் எது? அந்தக் கால்தானே? அங்கதான் கைய விரிச்சிட்டாங்க. குச்சி மாதிரி கால், அதோட நுனியில இருக்கா இல்லையான்னே தெரியாத ஒரு பின், றெக்கையில ஊசி குத்தின மாதிரி ஒரு பள்ளம். பின் பள்ளத்துல உக்காரவே இல்ல, எந்தப் பக்கம் வேணும்னாலும் ஆடுது. விளக்கத் தாள்ல ஒரே ஒரு அம்புக்குறி போட்டு "இங்க ஒட்டு"ன்னு முடிச்சிட்டாங்க, எந்தக் கோணம், எதை முதல்ல ஒட்டணும், ஒண்ணும் இல்ல. பெட்டிக்குள்ள கால் சாயாம பிடிச்சுக்க ஒரு ஜிக் (தாங்கி), அட ஒரு துண்டு அட்டையாவது வெட்டி வெச்சிருக்கலாம்ல? 1/72ல அரை மில்லிமீட்டர் தப்புன்னா நிஜத்துல 36 மில்லிமீட்டர், அது கண்ணுக்குத் தெரியாதுன்னு யாராவது சொன்னா நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்க.

பசை விஷயம் அதவிடக் கொடுமை. சிமெண்ட்னு சொல்ற மாடல் பசை பிளாஸ்டிக்க இளக்கித்தான் ஒட்டும், இறுகுறதுக்குள்ள கால் மெதுவா சாயும், ஒண்ண நிமித்தினா இன்னொண்ணு கழண்டுக்கும். சரி சூப்பர் க்ளூ போடலாம்னா அது பட்டதும் கல்லு, சரி பண்ண ஒரு நொடி தராது, போதாததுக்கு அதோட ஆவி பட்டு முன்கண்ணாடி வெள்ளையா பூத்துப் போச்சு. இதுல பெயிண்ட் வேற. எஞ்சின ஒட்டிட்டா அதுக்குக் கீழ இருக்கிற றெக்கைக்கு பெயிண்ட் தெளிக்கிற ஏர்பிரஷ் எட்டாது, அதனால முன்னாடியே செவப்பு அடிச்சாகணும், ஆனா பெயிண்ட் மேல சிமெண்ட் பிடிக்காது, அதனால அடிச்ச பெயிண்ட்டயே கத்தி முனையால சுரண்டி எடுத்துட்டு ஒட்டணும். அந்தச் செவப்பு சும்மா வந்துச்சா? சாம்பல் நிற ப்ரைமர் (அடிப்பூச்சு) மேல அடிச்சா செங்கல் மாதிரி மங்கிப் போகுது, திரும்ப வெள்ளை, அதுக்கு மேல இளஞ்சிவப்பு, அப்புறம்தான் செவப்பு, மெல்லிசா நாலு பூச்சு. அத்தனையும் சுரண்டறப்போ மனசு எப்படி இருக்கும்!

சரி, கால் எந்தக் கோணத்துல நிக்கணும்னு நிஜ விமானத்தப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னு தேடினா அங்கயும் சுவர். படத்துல அதுக்கு சாவோயா எஸ்.21னு பேரு, அந்தப் பேர்ல 1921ல நிஜமாவே ஒரு பந்தய விமானம் இருந்துச்சு, ஆனா அதுக்கு ரெட்டை அடுக்கு றெக்கை, சம்பந்தமே இல்ல. உருவத்துல கிட்ட வர்றது 1925 ஷ்னைடர் கோப்பை கடல் விமானப் பந்தயத்துல பறந்த மாக்கி எம்.33தான், அதுவும் அச்சு அசல் இல்ல. படத்த நிறுத்தி நிறுத்திப் பாத்தேன், கையால வரைஞ்சது, காட்சிக்குக் காட்சி கோணம் கொஞ்சம் மாறுது. வரைஞ்சவங்கள நான் குறை சொல்ல மாட்டேன், அது ஓவியம். ஆனா அத பிளாஸ்டிக்கா வார்த்து விக்கிறவங்க ஒரு கோணத்த முடிவு பண்ணித்தானே அச்சு வெட்டினாங்க, அது எத்தனை டிகிரின்னு விளக்கத் தாள்ல போடறதுக்கு என்ன?

விமானத்தோட அடிவயிறும் அப்படித்தான். ரெண்டு பாதியும் சேர்ற கோடு நேரா அடியில ஓடுது, அங்க தண்ணிய விட்டு விமானம் கிளம்பறதுக்காகவே ஒரு படி இருக்கும், இடுக்க அடைக்க புட்டி போட்டு உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க அந்தப் படி மழுங்குது. அத ஒரு வழியா காப்பாத்திட்டேன். டிகால் (தண்ணியில நனைச்சு ஒட்டற சின்னங்கள்) பத்தி பேசவே வேணாம், ஓரமெல்லாம் வெள்ளி பூத்து நிக்குது.

"பொம்மைக்கு ஏன் இவ்வளவு டென்ஷன்"னு கேக்கறவங்க தயவுசெஞ்சு இந்தப் பக்கம் வராதீங்க. பொம்மை இல்ல அது. சின்ன வயசுல திரையில பாத்து வாயப் பொளந்த ஒண்ணு என் கையால உருவாகணும்னு ஆசப்பட்டு உக்காந்திருக்கேன்.

இன்னிக்கு ராத்திரி எல்லாக் காலையும் அறுத்து எடுக்கப் போறேன். பின்னெல்லாம் வேணாம், நுனியில துளை போட்டு பித்தளைக் கம்பி சொருகி, அட்டையில நானே ஜிக் வெட்டி, எஞ்சின தலைகீழா அதுல உக்கார வெச்சு ஒட்டப் போறேன். செவப்பு திரும்ப முதல்ல இருந்து அடிக்கணும். அடிப்பேன்.